மெயினை யார் இறக்குவது?

"லைட்டே போகாத ஊருல ஜெனரேட்டர் விக்கிறானுங்க, அதையும் ஆளுங்க வாங்குறாங்க பாரேன். பினாங்குல போறது தண்ணிதான்லா. அதுக்கு ஒரு மிஷின் வித்தா நானே வாங்குவேன்."

சூலியா தெருவில் ஒரு கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது என் முதுகுக்குப் பின்னால் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது இது. என் சட்டையின் முதுகில் எங்கள் கடைப் பெயரும் ஒரு ஜெனரேட்டர் படமும் பெரிதாக அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் பேச ஆரம்பித்திருக்க வேண்டும். நான் நாற்காலியை மெல்லத் திருப்பி முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். இப்போது அவருக்கு என் முகம் தெரிந்தது. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் ஊரில் மின்சாரம் எப்போதாவதுதான் போகும். ஒரு பேய்மழை, ஒரு இடி, ரோடு தோண்டுகிறவன் வெட்டிய கேபிள், இப்படி ஏதாவது வேண்டும். அந்த எப்போதாவதுக்காக வீட்டுக்கு வெளியே சிமெண்டு மேடை போட்டு, பீரோவைப் படுக்க வைத்த அளவுக்கு ஒரு மிஷினை உட்கார வைப்பதுதான் எங்கள் தொழில். லைட் போனால் அது தானாக முழித்து, தானாக ஓடி, வீட்டைத் தாங்கிக்கொள்ளும். கல்லூரியில் நான் படித்தது உயிரியல். என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், என் அம்மாவும் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

ஏர்கான் கழுவுகிறவர்களே, தண்ணீர் ஃபில்டர் மாட்டுகிறவர்களே, மற்றவர்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு "உள்ளே வரலாங்களா" என்று கேட்டுப் பிழைக்கிற எல்லாரும் இதைப் படியுங்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

எங்கள் கடைச் சட்டம்

மிஷினை மாட்டி முடித்த பிறகு ஒரு சோதனை உண்டு. வீட்டுக்குள் வரும் மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்க வேண்டும். அதற்காகவே வாசலுக்குப் பக்கத்தில் சிவப்புக் கைப்பிடி வைத்த மெயின் சுவிட்ச் ஒன்றைப் பொருத்துவோம். அதைக் கீழே இறக்கினால் வீடு இருளும். ஒரு கொட்டாவி விடும் நேரத்தில் மிஷின் ஓட ஆரம்பித்து லைட் திரும்ப வரும். வந்தால் எங்கள் வேலை முடிந்தது.

எங்கள் முதலாளி குமார் அண்ணன் இதில் ஒரு சட்டம் வைத்திருக்கிறார். அந்தக் கைப்பிடியை வீட்டுக்காரர் கையால்தான் இறக்க வேண்டும், நாங்கள் தொடக்கூடாது. மெக்கானிக் ஜமால் பாய் வெளியே மிஷின் பக்கத்தில் நிற்பார். உள்ளே நின்று, "கைப்பிடியை இறக்குங்கள்" என்று வீட்டுக்காரரிடம் சொல்வது என் வேலை. நான்கு பேர் இருக்கும் இடத்தில் தும்மல் வந்தாலே அடக்கிக்கொள்கிற எனக்கு இந்த வேலையைக் கொடுத்தவரும் அவர்தான். ஏன் இப்படி ஒரு சட்டம் என்று வேலைக்குச் சேர்ந்த அன்று கேட்டேன்.

"நம்ம ஆளு இறக்கி லைட்டு வந்தா அது நம்ம மிஷின். அவங்க இறக்கி லைட்டு வந்தாதான்மா அது அவங்க மிஷின்."

முதல் வீடு

நான் போன முதல் வீடு ஜெலுத்தோங்கில் ஒரு பல் டாக்டருடையது. டாக்டர் இல்லை, அவர் மனைவி இருந்தார். ஜமால் பாய் வெளியே தயாராக நின்றார். நான் ஹாலில் நின்று, சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, அது வந்து..." என்றேன். கையைப் பிசைந்துகொண்டு, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்று, மறுபடியும், "ஆன்ட்டி, ஒண்ணு கேக்கணும்" என்றேன்.

அவர் முகம் கனிந்துவிட்டது. "இதுக்கு என்ன கூச்சம்? வாங்க" என்று என் தோளில் கை போட்டு அழைத்துப் போய், விளக்கைப் போட்டு, பாத்ரூம் கதவைத் திறந்துவிட்டார். புதுத் துண்டு ஒன்றும் கொடுத்தார். இவ்வளவு அன்பாகச் செய்கிறவரிடம் அது இல்லை என்று எப்படிச் சொல்வது? உள்ளே போய்க் கதவைத் தாழிட்டு, சுவரில் இருந்த டைல்ஸ் பூக்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மரியாதைக்கு ஃப்ளஷை இழுத்துவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில் ஜமால் பாய் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா, லைட்டு அணையும்னு காத்துக்கிட்டு நிக்கிறேன், தண்ணி சத்தம்லா வருது?"

சிவப்புக் கைப்பிடிக்கு ஒரு மூடி

பாயான் பாருவில் துரைசிங்கம் அங்கிள் வீடு வரிசை வீடுகளில் கடைசி வீடு. அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பரமேஸ்வரி ஆன்ட்டிக்கு நுரையீரல் பலவீனம். சோபாவுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் ஒன்று உறுமிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து ஒரு நீளமான குழாய் ஆன்ட்டியின் மூக்குக்குப் போகும். ஆன்ட்டி சமையலறைக்கு நடந்தால் குழாயும் கூடவே நடக்கும். அது நாற்காலிக் காலில் சிக்காமல் தூக்கிப் பிடித்தபடி அங்கிள் பின்னால் நடப்பார். ஜெனரேட்டர் வாங்கியதே அந்தக் குழாய்க்காகத்தான்.

மிஷினை மாட்டும்வரை அங்கிள் எங்கள் பக்கம்தான். ஜமால் பாய்க்கு வெயில் படக்கூடாது என்று குடை பிடித்தார். "அங்கிள், இப்ப இந்தக் கைப்பிடியை நீங்க இறக்கணும்" என்று நான் சொன்னதும் மாறிவிட்டார். "நல்லா ஓடிக்கொண்டிருக்கிறதை ஏன் பிள்ளை நிப்பாட்டவேணும்?" என்றார். ஆன்ட்டி குளிக்கும்போது குழாயைக் கழற்றி வைக்கிறவர்தான், ஒரு கொட்டாவி நேரம் அவருக்கு ஒன்றும் ஆகாது, மூலையில் அவசரத்துக்குச் சிலிண்டரும் இருக்கிறது என்று என்னால் முடிந்தவரை சொன்னேன். எல்லாவற்றையும் தலையசைத்துக் கேட்டுவிட்டு, "உமது கோரிக்கை கவனத்தில் எடுக்கப்படும்" என்றார். அப்படிச் சொன்ன எந்தக் கோரிக்கையும் அவர் அலுவலகத்தில் மேசையை விட்டு நகர்ந்ததில்லை என்று பிறகு ஆன்ட்டிதான் சொன்னார்.

மறுபடி நாங்கள் போனபோது கைப்பிடியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் ஒரு காலி மார்ஜரின் டப்பா கவிழ்த்து வைக்கப்பட்டு, நான்கு பக்கமும் பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. அதற்கு மேல், "தொடாதீர்" என்று தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் அழகான கையெழுத்தில் ஓர் அட்டை. நான்காவது வரி சீனத்தில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம் எழுதி வாங்கினாராம். ஆன்ட்டி மூச்சு வாங்கிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"இந்த வீட்டிலை இருக்கிறது... நாங்கள் ரெண்டு பேர். சீனத்திலை ஆருக்கு எழுதி வைச்சிருக்கிறார் எண்டு... ஒருக்கால் கேளும் பிள்ளை."

நல்ல நேரம்

பத்து காவான் என்கிற ஊரில் தேவி அக்கா புது வீடு கட்டினார். கேக் செய்து விற்பவர், ஃப்ரீசர் மட்டும் மூன்று வைத்திருக்கிறார். கிரகப் பிரவேசத்தன்றே சோதனையையும் முடித்துவிடுங்கள் என்றார். நாங்கள் போனபோது மிஷினுக்கு மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் ஆகி, காற்று இழுக்கும் கம்பிவலை மேல் ஒரு ரோஜா மாலையும் போட்டிருந்தது. ஜமால் பாய் மிகவும் பணிவாக, "மாலையை உள்ள இழுத்துக்கும்கா" என்று சொல்லி, அதைக் கழற்றி வேலியில் மாட்டினார்.

குருக்கள்தான் சிக்கலைக் கண்டுபிடித்தார். புது வீட்டில் விளக்கு ஏற்ற நல்ல நேரம் உண்டு. அணைக்க நல்ல நேரம் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. உறவினர்கள் கூடி ஒரு வழி கண்டார்கள். இராகு காலம் முடிகிற கடைசி நொடியில் அணைப்பது. அணைந்தது இராகு காலத்தோடு போய்விடும், வருகிற வெளிச்சம் நல்ல நேரத்தில் வரும். எனக்கே அது சரியென்று பட்டது. அப்போது ஒரு சித்தப்பா, சமையலறையில் மாட்டியிருக்கும் காலண்டர் சென்னையில் அச்சடித்தது, அங்கே சூரியன் உதிக்கிற நேரம் வேறு, இங்கே வேறு என்றார். அதன் பிறகு ஹாலில் யாரும் உட்காரவில்லை. ஆளுக்கு ஒரு கைப்பேசியில் ஆளுக்கு ஓர் இராகு காலம் இருந்தது.

கடைசியில் குருக்கள் கைப்பேசியே முடிவு என்று ஆனது. அவர் கையை உயர்த்தினார், தேவி அக்கா கைப்பிடியை இறக்கினார். எங்கள் மிஷின் அன்றைக்கென்று அரைக் கொட்டாவியிலேயே வந்துவிட்டது. விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. குருக்கள் கைப்பேசியைப் பார்த்தார், அதில் இராகு காலம் இன்னும் முடிந்திருக்கவில்லை. உயர்த்திய கை இன்னும் இறங்கவில்லை. தேவி அக்கா ஜமால் பாயிடம் ஓடி வந்தார்.

"பாய், ரொம்ப சீக்கிரம் வந்துருச்சு. இன்னும் கொஞ்சம் லேட்டா எரியுற மாதிரி செட் பண்ண முடியுமாலா?"

வானிலை அறிக்கை

இதற்கிடையில் துரைசிங்கம் அங்கிள் எனக்குப் போன் செய்ய ஆரம்பித்தார். பாயான் பாருவுக்கு மேலே மேகம் கூடினால் எனக்குப் போன் வரும். நான் ஜன்னலைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். துணி காயப்போடலாமா என்று அம்மா கேட்டால், "இன்னும் போன் வரல, போடுங்க" என்று சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது.

பேச்சு எப்போதும் ஒன்றுதான். "பிள்ளை, இருட்டிக்கொண்டு வருது. லைட் போனால் உங்கட மிஷின் வேலை செய்யுமோ?" "டெஸ்ட் பண்ணிப் பாத்தா தெரிஞ்சிடும் அங்கிள்." "அதுக்கு லைட்டை நிப்பாட்ட வேணுமே." "ஆமா அங்கிள்." "அதுதான் ஏலாது." பிறகு அவரே தொடர்வார்: "வாரத்துக்கு ஒருக்கால் தானா ஸ்டார்ட் ஆகிக் கொஞ்ச நேரம் ஓடுதுதானே? அது காணாதோ?" இதை ஜமால் பாயிடம் கேட்டேன். ஓடுவது வேறு, வீட்டைத் தாங்குவது வேறு என்றார் அவர். மாட்டிய மிஷின்களிலேயே கட்டாயம் வேலை செய்ய வேண்டியது அதுதான். வேலை செய்யுமா என்று எங்களுக்குத் தெரியாததும் அது ஒன்றுதான். இதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது. அங்கிளுக்கு அது தெரிந்ததோ என்னவோ, சரியாக மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் கூப்பிடுவார். ஒரு நாள் அவர் குரலுக்குப் பின்னால் ஆன்ட்டியின் குரல் கேட்டது.

"போனை வையுங்கோ... அந்தப் பிள்ளை சாப்பிடட்டும். மழை வந்தால்... நானே சொல்லுறன்."

இருட்டைப் பார்க்க வந்தவர்கள்

சூலியா தெருவில் நாணய மாற்றுக் கடை வைத்திருக்கும் ஒரு பாய் வீட்டில் துரைசிங்கம் அங்கிள் வீட்டுக்கு நேர்மாறு. லைட்டை நிறுத்திப் பார்க்கப் போகிறோம் என்று முதல் நாள் நான் சொல்லி வைத்தது தப்பாகப் போயிற்று. வீடு முழுக்க ஆட்கள். மாமி, மாமா, அவர்கள் பிள்ளைகள், மேல்மாடியில் குடியிருக்கிறவர்கள். எல்லார் கையிலும் டார்ச். மேசையில் மெழுகுவர்த்தி, பக்கத்தில் இரண்டு தீப்பெட்டி. பகல் வெளிச்சம் வந்தால் தெரியாது என்று திரைச்சீலை எல்லாம் இழுத்து மூடியிருந்தார்கள். பிள்ளைகளுக்கு ஒரு பெரிய தட்டில் முறுக்கு.

இந்தக் கூட்டத்தில் நான் எப்படிப் பேசுவது என்று பயந்தேன். தேவையே இருக்கவில்லை, கைப்பிடியைப் பிடிக்க அங்கே போட்டியே நடந்தது. கடைக்கார பாய் இறக்கினார். "ஓ" என்று பிள்ளைகள் கத்த வாயைத் திறந்தார்கள். வெளியே மிஷின் உறுமியது, லைட் வந்துவிட்டது. திறந்த வாய்கள் அப்படியே நின்றன. மாமி டார்ச்சின் பொத்தானைக்கூட இன்னும் அமுக்கவில்லை. எல்லாரும் என்னைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். பாயின் சின்ன மகள் அழுகிற குரலில் சொன்னாள்:

"அத்தா, இத குடுத்துட்டு நம்ம பழைய இருட்டையே வாங்கிக்குவோம்."

தேத்தண்ணீர்

சென்ற மாதம் பாயான் பாருவில் ரோடு தோண்டினார்கள். அங்கிள் வீட்டுக்கு அடுத்த தாமானில், அதாவது பக்கத்துக் குடியிருப்பில், கேபிள் அறுந்து, ஒரு பகல் முழுக்க லைட் இல்லை. மறுநாள் காலை போன் வந்தது. மிஷின் வேலை செய்யுமோ என்று அங்கிள் கேட்கவில்லை. "அடுத்த தாமானிலை போயிட்டுது பிள்ளை" என்று மட்டும் சொன்னார். குரல் கரகரத்திருந்தது. எங்காவது போகச் சொன்னால் போகிற நான், அன்று முதன்முதலாக குமார் அண்ணனிடம் போய், நானே போக வேண்டும் என்றேன். அவர் கணினியிலிருந்து தலையைத் தூக்கி, இந்தக் குரல் யாருடையது என்பதுபோல் பார்த்தார்.

அங்கிள் மார்ஜரின் டப்பாவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டை கசங்கியிருந்தது. ராத்திரி முழுக்க அங்கேயேதான் இருந்தார் என்றார் ஆன்ட்டி. ஜமால் பாய் வெளியே மிஷினின் கதவைத் திறந்து எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அங்கிள் பக்கத்தில் மோடா ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவரே பேசினார். ஆன்ட்டிக்குக் கேட்கக்கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இப்ப அது வேலை செய்யும் எண்டு ஒரு நம்பிக்கை இருக்கு, பிள்ளை. இறக்கிப் பார்த்து, வேலை செய்யாட்டில்? பிறகு அந்த நம்பிக்கையும் இல்லை."

ஆன்ட்டி சோபாவிலிருந்து, "வந்த பிள்ளைக்கு... ஒரு தேத்தண்ணி இல்லையோ? போட்டுக்கொண்டு வாங்கோ. வெளியிலை நிக்கிறவருக்கும்" என்றார். ஆன்ட்டி சொன்னால் அங்கிள் தட்டமாட்டார். ஒரு முறை டப்பாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். கெட்டிலில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது.

ஆன்ட்டி எழுந்தார். குழாயைத் தானே ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, நிதானமாக வாசல் பக்கம் நடந்து வந்தார். நாற்காலியை நகர்த்தும்படி கண்ணைக் காட்டினார், நகர்த்தினேன். நகத்தால் டேப்பின் ஓரத்தைக் கிளப்பினார். ஒரு பக்கம் உரித்ததும் மூச்சு வாங்க நின்றார். நான் உதவப் போனபோது கையைத் தட்டிவிட்டார். நான்கு பக்கமும் அவரே உரித்து, டப்பாவை அட்டையோடு எடுத்து என்னிடம் கொடுத்தார். உள்ளே சிவப்புக் கைப்பிடி ஒரு தூசிகூட இல்லாமல் இருந்தது.

"மேலையோ, கீழையோ?"

"கீழே, ஆன்ட்டி."

"வெளியிலை நிக்கிறவருக்குச் சொல்லும்."

ஜன்னலைத் திறந்து, "பாய், ரெடியா?" என்று கத்தினேன். எதிர் வீட்டு நாய் குரைத்தது. ஜமால் பாய் திடுக்கிட்டுத் திரும்பி, கத்தியது நான்தானா என்று பார்த்துவிட்டு, கட்டை விரலை உயர்த்தினார்.

ஆன்ட்டி கைப்பிடியை இறக்கினார்.

தலைக்கு மேல் சுற்றிய காற்றாடி மெதுவானது. ஆக்சிஜன் மிஷின் உறுமலை நிறுத்திவிட்டுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தது. "பரமேசு!" என்று அங்கிள் கத்தினார். ஆன்ட்டி கைப்பிடியில் வைத்த கையை எடுக்கவில்லை. வெளியே மிஷின் ஒரு முறை இருமியது, இன்னொரு முறை இருமியது, பிறகு ஓட ஆரம்பித்தது. விளக்கு வந்தது. காற்றாடி வேகம் பிடித்தது. ஆக்சிஜன் மிஷின் கீச்சுச் சத்தத்தை விட்டுப் பழையபடி உறுமியது.

அங்கிள் சமையலறை வாசலில் சீனி டப்பாவோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஓடுது" என்றார் ஆன்ட்டி. "சீனி போட்டாச்சோ?"

அங்கிள் விளக்கைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே மிஷினைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த மார்ஜரின் டப்பாவை வாங்கி, அட்டையைப் பிய்த்தெடுத்து, ஒட்டியிருந்த டேப் எல்லாவற்றையும் உரித்தார். சமையலறைக்குக் கொண்டுபோய் சோப்புப் போட்டுக் கழுவி, தட்டுகளோடு தட்டாகக் கவிழ்த்து வைத்தார்.